அவுரி வயலும் ஆய்வுகூடமும்

சேதன இரசாயனம் பற்றித் தமிழாசிரியர் ஒருவர் எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கக்கூடும். மூலக்கூறுகளின் கட்டமைப்பை வரைந்து விளக்கும் பயிற்சி நமக்கில்லை. குடுவையையும் குழாயையும் கையாண்ட அனுபவமும் நமக்கில்லை. நாம் இத்துறைக்குள் நுழைந்தது நாடகமொன்றின் வாயிலாகவாகும். 1860ஆம் ஆண்டிலே டாக்காவில் ஆசிரியர் பெயரின்றி அச்சாகி வெளிவந்த 'நீல் தர்ப்பண்' என்னும் வங்க நாடகமே அது. எழுதியவர் தீனபந்து மித்ரா. தபாற் பகுதியில் உத்தியோகம் பார்த்த அவர், ஊர் ஊராகச் சென்ற காலத்தில் அவுரி பயிரிட்ட குடியானவரின் வாழ்வை நேரிற் கண்டவர். இந்திய மொழிகளின் யதார்த்த நாடக வரலாற்றை எழுதுவோர் இந்நூலை ஒதுக்கிவிட்டுச் செல்ல முடியாது.

இந்நாடகத்தை உயர்தர வகுப்பு மாணவருக்கு நாம் ஒருமுறை கதையாகச் சொன்னபொழுது, இரசாயனம் பயிலும் மாணவனொருவன் எழுந்து, "நீலத்தைத் தொகுத்தவர் பேயர் என்றல்லவா எங்கள் புத்தகத்தில் இருக்கிறது, ஐயா? இந்தக் குடியானவர்கள் அதில் இல்லையே" என்றான். அவன் கேட்டது நியாயமே. இரசாயன நூல்களிலே வங்காளம் இல்லை. சரித்திர நூல்களிலே மூலக்கூறு இல்லை. ஒரே பொருளின் வரலாறு இரு வகுப்பறைகளில், ஒன்றையொன்று அறியாத இரு ஆசிரியர்களால், இரு துண்டுகளாகக் கற்பிக்கப்படுகின்றது. அத்துண்டுகளை இயன்றவரை பொருத்திப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

முதலிற் செடியிலிருந்து தொடங்குவோம். அவுரி இலையில் நீலம் இல்லை. அதில் இருப்பது இண்டிக்கன் என்னும் நிறமற்ற சருக்கரைச் சேர்வை. வெட்டிய செடியைத் தொட்டியிலே நீரில் ஊறவைத்தால் அது நொதித்துச் சிதைந்து இண்டொக்சில் என்னும் பொருளாகின்றது. அந்நீரை அடுத்த தொட்டிக்கு இறக்கி, காற்றுப் படும்படி அடித்துக் கலக்கினால் ஒட்சிசன் சேர்ந்து நீலம் பிறக்கும். பின் அது சேறாய் அடியிற் படியும். அடித்துக் கலக்கியவர்கள் இடுப்பளவு நீரில் மணிக்கணக்காக நின்ற கூலிகள். நீலம் நீரிற் கரையாது. எனவே சாயமிடுவோன் அதனைக் காரநீரிலே குறைத்து மஞ்சட் பச்சையான கரைசலாக்கித் துணியைத் தோய்க்கிறான். துணியை வெளியே எடுத்தால், காற்றுப் பட்ட மாத்திரத்தில் அது நம் கண்முன்னே நீலமாகின்றது. நமது பாடசாலையின் இரசாயன ஆசிரியர் இதைச் செய்து காட்டியபொழுது மாணவர் கைதட்டினர். நாமும் கைதட்டினோம் என்பதை மறைப்பானேன்!

இந்தக் கரையாத் தன்மையே நீலத்தின் பெருமைக்கும் அதனை விளைத்தோரின் துன்பத்துக்கும் காரணமாயிற்று. கழுவினாலும் வெயிலிற் காய்ந்தாலும் எளிதிற் போகாத நீலத்துக்கு ஐரோப்பாவின் நெசவாலைகள் எவ்வளவு விலையும் கொடுக்கச் சித்தமாயிருந்தன. வங்காளத்திலே ஆங்கிலத் தோட்டத்துரைமார் குடியானவனுக்கு 'தாதன்' என்னும் முற்பணத்தைக் கொடுத்து, அவனுடைய நல்ல நிலத்தில் நெல்லுக்குப் பதிலாக அவுரியை விதைக்கச் செய்தனர். விளைச்சலுக்கு அவர்கள் வைத்ததே விலை. முற்பணம் ஒருபோதும் தீராது. தந்தையின் கடன் மகனின் தலையில் ஏறும். மறுத்தவன் துரையின் அடியாட்களால் அடிக்கப்பட்டான், பண்டகசாலையில் அடைக்கப்பட்டான். 1859இல் நாடியா மாவட்டத்திலே விவசாயிகள் அவுரி விதைக்க மறுத்து எழுந்தனர். அக்கிளர்ச்சி பல மாவட்டங்களுக்குப் பரவ, 1860இல் அரசாங்கம் ஆணைக்குழுவொன்றை நியமிக்க நேர்ந்தது. ஃபரீத்பூரில் நீதவானாயிருந்த ஆங்கிலேயர் ஒருவரே அதன்முன் சாட்சியமளித்து, மனித இரத்தக் கறை படியாத நீலப் பெட்டி ஒன்றேனும் இங்கிலாந்தை அடைவதில்லை என்ற கூற்றைத் தம் அனுபவத்தைக் கொண்டு உறுதிப்படுத்தினார்.

நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டமைக்காக ஜேம்ஸ் லோங் என்னும் பாதிரியார் 1861இல் கல்கத்தாவில் வழக்கிற்கு உட்படுத்தப்பட்டு, ஒரு மாதச் சிறையும் 1,000 ரூபா தண்டமும் பெற்றார். தண்டப் பணத்தைச் செலுத்தியவர் காளிபிரசன்ன சிங்கர் என்னும் வங்க எழுத்தாளர். 1872இல் கல்கத்தாவின் தேசிய அரங்கு பொதுமக்களுக்கெனத் தன் திரையை உயர்த்தியபொழுது மேடையேறியதும் இந்நாடகமே.

இது அயலாரின் கதை என்று நம்மவர் எண்ணிவிடலாகாது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சாயவேர் தோண்டும் வேலை, சாதியமைப்பின் அடித்தட்டில் வைக்கப்பட்டிருந்த மக்கள்மீது கட்டாய ஊழியமாகச் சுமத்தப்பட்டிருந்தது. அவ்வேரின் செந்நிறத்துக்குக் காரணமான பொருள் அலிசரின். ஐரோப்பாவில் மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து பெறப்பட்டதும் அதுவே. அப்பெயரைச் சற்று நேரத்தில் மீண்டும் சந்திப்போம்.

இனி ஐரோப்பாவின் ஆய்வுகூடத்துக்குச் செல்வோம். நகரங்களுக்கு வெளிச்சம் தரும் வாயுவை நிலக்கரியிலிருந்து எடுத்தபொழுது எஞ்சிய கரிய நாற்றமிக்க தார் யாருக்கும் வேண்டாப் பொருளாயிருந்தது. அதற்குள் இருந்த சேர்வைகளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர்களுள் ஹொஃப்மன் முதன்மையானவர். அச்சேர்வைகளுள் ஒன்று அனிலீன். சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுள்ளோர் இவ்விடத்திற் சற்று நிற்கலாம். 1840ஆம் ஆண்டளவில் ஃபிரிட்ஷ என்பவர் அவுரி நீலத்தைக் காரத்துடன் சூடாக்கி ஓர் எண்ணெயைப் பெற்றார். நீலத்தைக் குறிக்கும் 'அனில்' என்ற போர்த்துக்கேயச் சொல்லைக் கொண்டு அதற்கு அனிலீன் எனப் பெயரிட்டார். அந்த 'அனில்' அரபு மொழி வழியாகச் சென்ற நம் 'நீல'மேயாகும். நிலக்கரித் தாரிலே கண்டெடுக்கப்பட்டதும் அதே எண்ணெயே. ஆக, அவுரியைப் பிற்காலத்தில் வீழ்த்திய தொழிலின் மூலப்பொருள் அவுரியின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

1856இல் ஹொஃப்மனின் மாணவரான பதினெட்டு வயது பேர்க்கின், மலேரியாவுக்கு மருந்தான குவினைனைத் தொகுக்க முயன்று தோற்று, ஊதாச் சாயமொன்றைக் கண்டார். குடியேற்ற நாடுகளில் ஐரோப்பியப் படையும் நிருவாகமும் நிலைக்க வேண்டுமானால் குவினைன் வேண்டும். அத்தேவையின் பக்க விளைவாகவே செயற்கைச் சாயத் தொழில் பிறந்தது. எனினும் அத்தொழில் ஓங்கி வளர்ந்தது ஜேர்மனியிலாகும். அங்கே பல்கலைக்கழகமும் தொழிற்சாலையும் கைகோத்தன; பட்டம் பெற்ற இரசாயனவியலாளர் டசின் கணக்கில் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டனர். 1868இல் கிரேபெயும் லீபர்மனும் அலிசரினைத் தொகுத்தனர். சில ஆண்டுகளுக்குள் பிரான்சின் தென்பகுதியில் மஞ்சிட்டி விளைந்த வயல்கள் பாழாயின. அடுத்த இலக்கு நீலம்.

அடோல்ஃப் பொன் பேயர் 1865இல் நீலத்தை ஆராயத் தொடங்கினார். 1880இல் முதன்முதலாகத் தொகுத்தார். 1883இல் அதன் கட்டமைப்பை அறிவித்தார். 1905இல் அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது. நம் மாணவனின் புத்தகம் கூறும் வரலாறு இவ்வளவே. ஆனால் பேயரின் வழி தொழிற்சாலைக்கு உதவாத அளவு செலவுடையது. 1890இல் சூரிச்சிலிருந்த ஹொய்மன் வேறொரு வழியைக் காட்டினார். லுட்விக்ஸ்ஹாஃபனின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பனி அவ்வழியைப் பற்றிக்கொண்டு, ஏறத்தாழ 1 கோடி 80 இலட்சம் மார்க்குகளை இம்முயற்சியிற் கொட்டியது. தாரிலே மலிவாகக் கிடைத்த நப்தலீனைத் தாலிக் நீரிலி என்ற பொருளாக மாற்றவேண்டும். அதிலிருந்து தாலிமைட்டு, அதிலிருந்து அந்திரானிலிக் அமிலம், அதிலிருந்து படிப்படியாக நீலம். முதற்படியே தடையாய் நின்றது. நப்தலீனைச் சல்பூரிக் அமிலத்துடன் சூடாக்குகையில் வெப்பமானியொன்று உடைந்து இரசம் உள்ளே சிந்த, தாக்கம் திடீரென விரைந்தது என்று சொல்லப்படுகின்றது. இரசமே தேடப்பட்ட ஊக்கியாயிற்று. 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது.

அந்த ஆண்டில் உலகில் ஏறக்குறைய 19,000 தொன் இயற்கை நீலம் உற்பத்தியானது, பெரும்பகுதி இந்தியாவில். 1914இல் அது 1,000 தொன்னளவாகச் சுருங்கிவிட்டது.

இந்த வீழ்ச்சியைச் சொல்லும் நூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் ஒரு முற்றுப்புள்ளியை இட்டுவிடுகின்றன. 'விஞ்ஞானம் அவுரிக் கொடுமையை ஒழித்தது' என்று முற்போக்காளர் சிலரும் மகிழ்ச்சியுடன் எழுதியதுண்டு. உற்பத்திச் சாதனம் மாறினால் உறவும் தானே மாறிவிடும் என்ற இந்த எளிய நம்பிக்கையை நாமும் ஒருகாலத்திற் கொண்டிருந்தோம். பீகாரின் சம்பாரண் மாவட்டத்தில் நடந்தவற்றைப் படித்த பின்னரே அதனைக் கைவிட்டோம்.

வங்காளக் கிளர்ச்சிக்குப் பின் அவுரித் தொழில் பெரும்பாலும் பீகாருக்கு நகர்ந்திருந்தது. சம்பாரணிலே 'தீன்கட்டியா' என்றொரு முறை. இருபது கட்டா கொண்ட ஒவ்வொரு பீகா நிலத்திலும் மூன்று கட்டாவில் குடியானவன் துரைக்காக அவுரி விதைத்தேயாக வேண்டும். ஜேர்மன் நீலம் விலையை முறித்தபொழுது, தோட்டத்துரைமார் ஒருபுறம் இரசாயனவியலாளரை வரவழைத்து இலையிலிருந்து கூடுதல் நீலம் பெற வழி தேடினர். நிலவுறவைத் தொடாமல் செடியை மாத்திரம் சீர்திருத்தும் அம்முயற்சி பலிக்கவில்லை. மறுபுறம் அவர்கள் செய்த காரியம் வியக்கத்தக்கது. 'இனி நீ அவுரி விதைக்க வேண்டியதில்லை. ஆனால் அக்கடப்பாட்டிலிருந்து உன்னை விடுவிப்பதற்கு நீ ஈடு செலுத்த வேண்டும்' என்றனர். நிரந்தரக் குத்தகை நிலங்களிலே குடிவாரத்தை உயர்த்தினர். அதற்கு 'சரஹ்பேஷி' என்று பெயர். தற்காலிகக் குத்தகை நிலங்களிலே மொத்தத் தொகையாக அறவிட்டனர். அதற்குத் 'தாவான்' என்று பெயர். நட்டம் துரையுடையது, அதனைச் செலுத்தியவன் குடியானவன். லுட்விக்ஸ்ஹாஃபனில் ஒரு மூலக்கூறு மலிவாகியது. அதன் விலையைச் சம்பாரண் விவசாயி கடன்பட்டுக் கட்டினான்.

ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி விடாது பின்தொடர்ந்து அழைத்ததனால் காந்தி 1917 ஏப்ரிலில் அங்கு சென்றார். மாவட்டத்தை விட்டு வெளியேறும்படி இடப்பட்ட கட்டளையை மறுத்து, 18ஆந் திகதி மோதிஹாரி நீதிமன்றத்தில் நின்றார். வழக்குக் கைவிடப்பட்டது, விசாரணைக் குழு அமைந்தது, 1918இன் சட்டம் தீன்கட்டியாவை ஒழித்தது. ஆயினும் உயர்த்தப்பட்ட குடிவாரத்தில் 20 முதல் 26 சதவீதம் வரையே குறைக்கப்பட்டது. தாவானில் கால்வாசியே திருப்பிக் கொடுக்கப்பட்டது. துரைமாரின் மதிப்பு உடைந்ததே பெரும் வெற்றி என்று காந்தி கருதினார். அது உண்மையே. முக்கால்வாசித் தாவான் துரையின் பெட்டியிலேயே தங்கிவிட்டதும், ஜமீன்தாரி முறையை எவரும் தொடவில்லை என்பதும் அதேயளவு உண்மை.

அதே 1917ஆம் ஆண்டு யூலை மாதத்தில், பெல்ஜியத்தின் ஈப்பர் அருகே ஜேர்மன் படை ஒரு புதிய நஞ்சை எறிந்தது. தோலைக் கொப்புளமாக்கிக் கண்ணைக் குருடாக்கும் கடுகு வாயு அது. போரிற்கு முன் பி.ஏ.எஸ்.எஃப். செயற்கை நீலத்தின் பிறிதொரு செய்முறைக்காக எதிலீன் குளோரோஐதரின் என்ற பொருளைப் பேரளவில் உற்பத்தி செய்திருந்தது. கடுகு வாயுவுக்கு வேண்டிய இடைப்பொருளைச் செய்வதற்கும் அதுவே வேண்டியிருந்தது. ஆகவே புதிதாகத் தொழிற்சாலை கட்டவேண்டிய அவசியம் அதிகம் இருக்கவில்லை. நீலத்துக்கென அமைந்த குழாய்களே போதுமாயிருந்தன. பிரித்தானியரின் படைக்கு ஆளும் பிரித்தானியரின் தோட்டத்துக்கு அவுரியும் தந்த பீகாரின் கதையும், ஈப்பரின் கதையும் ஒரே கம்பனியின் பேரேட்டில் வந்து சந்திக்கின்றமையைச் சரித்திர ஆசிரியர் கவனித்தல் நன்று. 1925இல் இக்கம்பனி ஏனைய சாயக் கம்பனிகளுடன் இணைந்து ஐ.ஜி. ஃபார்பன் ஆயிற்று, 'ஃபார்பன்' என்பதே நிறங்கள் என்று பொருள்படும். அவுஷ்விற்ஸ் அருகே மொனோவிற்ஸில் கைதிகளை அடிமைகளாகக் கொண்டு செயற்கை இறப்பர்த் தொழிற்சாலையைக் கட்ட முனைந்தது அதே நிறுவனம்.

சாயத்தின் கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் சேதன இரசாயனத்தை முற்றாக வெறுத்திருப்போம். அவ்வாறு முடியவில்லை. மேலே கூறிய தாலிமைட்டை நினைவிற் கொள்க. 1928இல் ஸ்கொத்லாந்தின் கிரேஞ்சுமவுத் நகரிலிருந்த சாயத் தொழிற்சாலையொன்றில் அதனை உற்பத்தி செய்கையில், கண்ணாடிப் பூச்சிட்ட இரும்புப் பாத்திரத்திற் பூச்சு வெடித்து இரும்பு வெளிப்பட்டது. உள்ளே நீலப் பச்சைக் கசடொன்று படிந்திருந்தது. கழித்தெறிய வேண்டிய அழுக்கு என்று விடாமல் அதனை எடுத்துப் பார்த்தார்கள். இலண்டனில் லின்ஸ்டெட் 1934இல் அதன் கட்டமைப்பை விளக்கினார். அதுவே தாலோசயனீன்; நடுவிலே உலோக அணு, சுற்றிலும் தட்டையான பெரும் வளையம். இரும்பின் இடத்திற் செம்பை வைத்தால் அழியா நீலம் கிடைக்கும். 1935இல் அது விற்பனைக்கு வந்தது.

இதுவரை நீலம் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. இதன் பின்னரே இன்று 'செயற்பாட்டுப் பொருட்கள்' எனப்படும் ஆய்வுத்துறையின் வாசல் திறக்கின்றது. பொருளின் தோற்றத்தை விடுத்து, அது செய்யவல்ல தொழிலைக் கருதி மூலக்கூறை வடிவமைப்பதே அத்துறை. சாயத்திலிருந்து அதற்குச் செல்லும் பாதை தற்செயலானதன்று. இம்மூலக்கூறுகளிலே ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருகின்றன. அதனாற் சில இலத்திரன்கள் ஓர் அணுவுக்குக் கட்டுப்படாமல் மூலக்கூறெங்கும் பரவி நிற்கின்றன. அவை கட்புலனாகும் ஒளியை உறிஞ்சுவதனாலேயே நிறம் தோன்றுகின்றது. தட்டையான மூலக்கூறுகள் சீட்டுக்கட்டைப் போல் அடுக்கப்பட்டால் அதே இலத்திரன்கள் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவக்கூடும். நிறத்திற்குக் காரணமானதே கடத்தலுக்கும் காரணமாகின்றது. 1948இல் தாலோசயனீன் குறைகடத்தியாகத் தொழிற்படுவதை இங்கிலாந்தின் ஈலியும் சோவியத் நாட்டின் வர்த்தன்யானும் தனித்தனியே கண்டனர். 1950இல் யப்பானில் அக்கமத்துவும் இனொக்குச்சியும் துணிச்சாய இனத்தைச் சேர்ந்த வயலந்திரோனில் அதே இயல்பைக் கண்டனர். யுத்தத்தாற் சிதைந்து, கருவிகள் அருகியிருந்த நாட்டிலே செய்யப்பட்ட வேலை அது. இரசாயனம் படிக்கும் நம் மாணவர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

1986இல் அமெரிக்காவின் கோடாக் கம்பனியிலிருந்த சிங் டாங், செம்புத் தாலோசயனீனையும் பெரிலீன் இனச் சாயமொன்றையும் இரு மெல்லிய படலங்களாக அடுக்கிச் சூரியக்கலமொன்றை அறிவித்தார். அது ஒளியில் ஏறக்குறைய 1 சதவீதத்தையே மின்னாக்கியது. இன்று இவ்வினக் கலங்கள் ஆய்வுகூடங்களில் 19 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. 1987இல் அவரும் வான் ஸ்லைக்கும் வெளியிட்ட ஒளிகாலும் படலமே நம் மாணவர் கையிலுள்ள பல கைத்தொலைபேசிகளின் திரைக்கு முன்னோடி. இடைப்பட்ட ஆய்வுகள் பல. அவற்றை அடுக்கிச் செல்வது இங்கு நம் நோக்கமன்று.

2012ஆம் ஆண்டு ஒஸ்திரியாவின் லின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர், நாம் தொடங்கிய அதே அவுரி நீலத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படலமாகப் படியச் செய்து திரான்சிஸ்டர் அமைத்துக் காட்டினர். நேர்மின்னேற்றம், எதிர்மின்னேற்றம் இரண்டையும் அது கடத்தியது. அயல் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்து நிற்கும் ஐதரசன் பிணைப்புகளே இதற்குத் துணைநின்றன. நீலத்தை நீரிற் கரையாததாக்கி, அதனால் விலைமிக்கதாக்கி, அதனால் நாடியாவின் வயல்களில் ஏற்றிய பிணைப்புகளும் அவையே.

அவ்வாய்வாளரின் அறிவிக்கப்பட்ட நோக்கம், உபயோகித்து எறிந்தபின் மண்ணிற் கேடின்றி மக்கிப்போகும் இலத்திரனியல் உறுப்புகளைச் செய்வது. வரவேற்கத்தக்க நோக்கமே. டில்லியின் சீலம்பூர்ச் சந்துகளிலே பழைய கருவிகளை உடைத்து, கம்பிகளை எரித்து, பலகைகளை அமிலத்தில் தோய்த்துச் செம்பும் பொன்னும் பிரித்து வயிறு வளர்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய நுரையீரலுக்கு அது நன்மை செய்யும். ஆனால் பிரித்தெடுக்க எதுவுமில்லாத கருவிகள் சந்தைக்கு வரும் நாளில், அவர்களை அத்தொழிலிலிருந்து 'விடுவிப்பதற்கான' தாவானை எவர் செலுத்துவது என்று எந்த ஆணைக்குழு விசாரிக்கும்?